ஊழிய அழைப்பா? முதலில் நாற்றங்காலைப் பாருங்கள்

சபை ஊழியத்துக்கு, அதாவது முழுநேரமாகக் கர்த்தருடைய பணி செய்ய, அழைப்பு வந்த மாதிரி இருக்கிறதா? உடனே வேலையை விட்டுவிடாதீர்கள். நம் டெல்டாவில் மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்றதும் யாரும் நேரே நடவுக்கு இறங்குவதில்லை, நாற்றங்கால், உழவு, பரம்பு என்று ஒவ்வொன்றாய்த்தான் வரும், இதுவும் அப்படித்தான்.

விடியற்காலை அரை மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு (இதுதான் கஷ்டமே), ஒரு சுவிசேஷத்தை ஆரம்பத்திலிருந்து மெதுவாக வாசியுங்கள். மனதில் தைத்த வசனத்தைத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள், மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் கர்த்தர் திரும்பத் திரும்பச் சொன்னது எது, உங்கள் ஆசை எது என்று ஓரளவு பிரிந்து தெரியும். வேதாகமத்தில் சிறுவன் சாமுவேலே, கர்த்தர் கூப்பிட்டதை ஆசாரியன் ஏலி கூப்பிட்டதாக நினைத்து மூன்று முறை அவரிடம்தான் ஓடினான், அதனால் போதகரிடம் பேசுங்கள், வீட்டிலும் பேசுங்கள். வாரம் ஒரு வேளை உபவாசம் போதும். சுகர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மைக் இல்லாத வேலை ஒன்றை எடுங்கள்: ஆராதனைக்கு முன் பாய் விரிப்பது, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குக் கஞ்சி கொண்டுபோவது. நான் ஆறு மாதம் வாசலில் செருப்பு அடுக்கினேன், முதல் மாதம் வெறும் எரிச்சல்தான். தரங்கம்பாடி லுத்தரன் மிஷனில் முதல் தமிழ்ப் போதகரான ஆரோன் ஞானஸ்நானம் பெற்றது 1718-இல், குருப்பட்டம் கிடைத்தது 1733-இல்; நடுவில் அவர் பார்த்தது உபதேசியார் வேலை, அதாவது பட்டம் இல்லாமல் வேதம் சொல்லிக்கொடுக்கும் வேலை.