லினக்ஸ் மின்ட் நிறுவிய மடிக்கணினியில் வைஃபை தெரியவில்லையா?

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து வீடுகளில் நன்றாக உழைத்துக்கொண்டிருந்த மடிக்கணினிகள் பல, விண்டோஸ் 11-ஐ ஏற்க இயலாமல் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றான என் தங்கை மகளின் கணினியில், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். வைஃபை மட்டும் தோன்றவே இல்லை.

முதலில், உள்ளே இருக்கும் சில்லு யாருடையது என்று பாருங்கள். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் எல், எஸ், பி, சி, ஐ ஆகிய ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் இடைவெளியின்றித் தட்டி என்டரை அழுத்துங்கள். வரும் வரிகளில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்பதைத் தேடுங்கள். இன்டெல் என்றால் பெரும்பாலும் வேறு வேலை இராது. பிராட்காம் என்றால், அதன் பல சில்லுகளுக்கான டிரைவர் (சில்லை இயக்கும் மென்பொருள்) மூடிய உரிமத்தில் வருவதால் தனியே நிறுவ வேண்டும்.

அதற்கு இணையம் வேண்டுமே என்று தயங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அமைப்புகளில் ‘யூஎஸ்பி டெதரிங்’கை இயக்குங்கள். புதிய வைஃபை டாங்கிள் வாங்குவதைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். மின்னேற்றத்துக்கு மட்டுமான கம்பி இதற்கு உதவாது. பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து, பிராட்காம் டிரைவரைத் தேர்ந்து நிறுவுங்கள்.

என்னை ஓர் இரவு முழுவதும் அலைக்கழித்தது அடுத்த படி. செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்றும் தொடக்கப் பாதுகாப்பு) இயங்கும் கணினியில், நம்பகமான கையொப்பம் இல்லாத டிரைவரை இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஏற்காது. இந்த டிரைவர் உங்கள் கணினியிலேயே தொகுக்கப்படுவதால், அதில் இடப்படும் கையொப்பத்துக்குரிய சாவியையும் நீங்களே பதிவு செய்தாக வேண்டும். அதற்காகத்தான் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படுகிறது. மறுதொடக்கத்தில் நீலத் திரை வந்தவுடன் ஏதேனும் ஒரு விசையைத் தட்டி, ‘என்ரோல் மோக்’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’ என்று சென்று அதே கடவுச்சொல்லை இடுங்கள். அத்திரை சில நொடிகளே காத்திருக்கும்; நான் அதைப் பிழைச் செய்தி என்றெண்ணிக் கடந்துவிட்டேன். அப்படித் தவறவிட்டவர்கள், பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புகளில்) செக்யூர் பூட்டை அணைத்துவிட்டாலும் டிரைவர் இயங்கும். ஆயினும் சாவியைப் பதிவு செய்வதே பாதுகாப்பான வழி. அந்த நீலத் திரையில் விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும் என்பதால், கடவுச்சொல்லில் சிறப்புக் குறிகளைத் தவிருங்கள்.

பிற்சேர்க்கை: பக்கத்து வீட்டு அண்ணனின் கணினியில் இவ்வளவும் செய்தும் வைஃபை வரவில்லை. அதன் முன்விளிம்பில் இருந்த சிறிய வைஃபை சுவிட்ச் அணைந்திருந்தது. பழைய மடிக்கணினி என்றால், டெர்மினலைத் திறக்கும் முன்பே விளிம்புகளை ஒருமுறை தடவிப் பாருங்கள்.