கோவாவை வேரோடு பிடுங்காதீர்கள்
கோவா (முட்டைக்கோஸ்) முற்றியதும் தலையை மட்டும் கத்தியால் வெட்டி எடுங்கள். அடியில் நாலைந்து பச்சை இலைகளோடு தண்டு நிற்கட்டும். இலை தண்டோடு சேரும் மூலையில் ஒரு மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும், தலை போனதும் விழித்துக்கொள்ளும். வேர் ஏற்கனவே ஊன்றியிருப்பதால் புது நாற்றுக்குக் காசும் இல்லை. சில வாரங்களில் பந்து அளவில் குட்டிக் கோவாக்கள் வரும். பெரிதாகாது, ஆனால் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் ஒரு வேளைச் சுண்டலுக்கு இரண்டு மூன்று போதுமே! நெருக்கமாக முளைத்தால் நாலை விட்டு மற்றதைக் கிள்ளிக் கறியில் போடுங்கள்.

வெயிலில் செடி வாடி, வேர் முண்டு முண்டாக வீங்கியிருந்தால் மட்டும் இது வேண்டாம். நுவரெலியாப் பக்கம் அந்த நோய் உண்டு. பிடுங்கி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அப்புறம், கோலிஃபிளவருக்கு இப்படித் தலையை வெட்டித் தண்டை விடுவது சரிவராது.