பூட்டு–சாவி படத்தோடு நின்றுவிடாதீர்கள்

"கிருமி வந்து ஏற்பியில் ஒட்டும், உடனே செல் விழித்துக்கொள்ளும்." நோய் எதிர்ப்பு பற்றிய விடைத்தாள்களில் அடிக்கடி வரும் வரி இது. (ஏற்பி என்பது கிருமியின் அடையாளத்தை உணரும் செல் புரதம்.) பூட்டில் சாவி பொருந்துவதுபோலப் படம் போட வசதிதான். ஆனால் பல இடங்களில் நடப்பது வேறு.

ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் எல்பிஎஸ் (லிப்போபாலிசாக்கரைடு) என்ற, கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறு இருக்கிறது. அதை உணர, 'டோல் போன்ற ஏற்பிகள்' (டிஎல்ஆர்) என்ற குடும்பத்தைச் சேர்ந்த டிஎல்ஆர்4 ஏற்பி தேவை என்று புரூஸ் பியூட்லர் குழு 1998-இல் எலிகளை வைத்துக் காட்டியது. 2011 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. இதைப் படித்தவுடன் "டிஎல்ஆர்4 எல்பிஎஸ்ஸைப் பிடிக்கிறது" என்று எழுதிவிடுகிறோம். அது தனியாகப் பிடிப்பதில்லை. ரத்தத்தில் இருக்கும் எல்பிபி என்ற புரதம் எல்பிஎஸ்ஸைக் கொண்டுவந்து, செல்லின் மேலிருக்கும் சிடி14 என்ற புரதத்திடம் கொடுக்கும். சிடி14 அதை ஒவ்வொரு மூலக்கூறாகப் பிரித்து, டிஎல்ஆர்4-ஐ ஒட்டியிருக்கும் எம்டி-2 என்ற புரதத்துக்குத் தள்ளிவிடும். எம்டி-2 ஒரு கிண்ணம் மாதிரி. எல்பிஎஸ்ஸின் ஆறு கொழுப்பு வால்களில் ஐந்து கிண்ணத்துக்குள் மூழ்கிவிடும். ஆறாவது மட்டும் விளிம்பில் தங்கி, பக்கத்து டிஎல்ஆர்4-ஐப் பற்றிக்கொள்ளும். இப்படி இரண்டு டிஎல்ஆர்4 சேர்ந்த பிறகுதான் செல்லுக்குள் சமிக்ஞை போகும்.

சரி, சிடி14 வெறும் கூலியாள்தானே என்று ஒதுக்குவதும் தவறு. சமிக்ஞை அனுப்ப, சவ்வைத் தாண்டி உள்ளே நீளும் வால் அதற்குக் கிடையாது என்பது உண்மை. ஆனால் அது இல்லாத செல்லுக்குக் கொஞ்சநஞ்ச எல்பிஎஸ் உறைக்காது.

"இந்தக் கிருமிக்கு இந்த ஏற்பி" என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். டிஎல்ஆர்2, டிஎல்ஆர்1-ஓடு சேர்ந்தால் மூன்று கொழுப்பு வால் உள்ள புரதங்களை அறியும். டிஎல்ஆர்6-ஓடு சேர்ந்தால் இரண்டு வால் உள்ளவற்றை. ஈஸ்ட் வந்தால் டெக்டின்-1 என்ற வேறு வகை ஏற்பியும் டிஎல்ஆர்2-உம் கூட்டாக இறங்கும்.

அப்புறம், எல்லா டிஎல்ஆரும் செல்லின் மேற்பரப்பில் இல்லை. கிருமியின் ஆர்என்ஏ, டிஎன்ஏ-வை அறியும் 3, 7, 8, 9 ஆகியவை வேலை செய்வது செல்லுக்குள் இருக்கும் பைகளில்.

கடைசியாக, சமிக்ஞை எவ்வளவு பலமோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பு. சத்துப்பொடி விளம்பரங்கள் வளர்த்துவிட்டது! எல்பிஎஸ் அளவு மீறினால் வருவது செப்சிஸ் அதிர்ச்சி, அதாவது உடலின் எதிர்வினையே கட்டுமீறி ரத்த அழுத்தம் சரியும் ஆபத்தான நிலை. சரி, டிஎல்ஆர்4-ஐ அடைத்துவிட்டால் போதுமா? எரிடோரன் என்ற மருந்து எம்டி-2 கிண்ணத்தில் தானே உட்கார்ந்துகொண்டு எல்பிஎஸ்ஸுக்கு இடம் தராது. ஆய்வகத்தில் நன்றாகவே தடுத்தது. கடும் செப்சிஸ் நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் இறப்பைக் குறைக்கவில்லை.