அலை சுத்தமாக இருந்தால் போதுமா? பயோமெடிக்கல் பொறியியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த ப்ராஜெக்ட் ஈசிஜி ஆம்ப்ளிஃபயர், அதாவது இதயத்தின் மின் சிக்னலைப் பெருக்கிக் காட்டும் சுற்று. மூச்சை இழுத்துவிடும்போதெல்லாம் திரையில் அலை மேலும் கீழும் மிதந்தது. மெதுவான மாற்றங்களை வடிகட்டும் ஹை-பாஸ் ஃபில்டரின் வெட்டு அதிர்வெண்ணை (எதற்குக் கீழே வடிகட்ட வேண்டும் என்ற எல்லையை) 1 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினேன். மிதப்பு நின்றது, அலை பாடப்புத்தகப் படம் போலவே வந்தது. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இவருக்கு மாரடைப்பு வந்திருந்தால் இதில் சரியாகத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல முடியவில்லை. மாரடைப்பின் முக்கிய அடையாளங்களில் ஒன்று, எஸ்டி பகுதி (ஈசிஜி அலையில் கூர்மையான முனைக்கும் அடுத்து வரும் மேட்டுக்கும் இடைப்பட்ட பகுதி) அடிக்கோட்டை விட்டு உயர்வது அல்லது தாழ்வது. அந்த மாற்றம் மிகக் குறைந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. அதனால்தான் நோய் கண்டறியும் ஈசிஜி கருவிகள் 0.05 ஹெர்ட்ஸ் வரை இறங்கிப் பதிவு செய்கின்றன. படுக்கையருகே இருக்கும் மானிட்டர் 0.5 ஹெர்ட்ஸில் வெட்டிக்கொள்ளலாம். இதயத் துடிப்பின் தாளம் தெரிந்தால் அதற்குப் போதும். நான் போட்ட சாதாரண அனலாக் ஃபில்டரோ எஸ்டி பகுதியையே வளைத்துவிடும். இல்லாத நோயைக் காட்டவும் இருக்கும் நோயை மறைக்கவும் அதனால் முடியும்.

இந்தப் படிப்பில் நான் செய்த, பிறகு மற்றவர்கள் செய்யப் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இதே வேரிலிருந்து வந்தவை. திரையில் வரும் எண்ணைப் பிடித்துக்கொள்கிறோம். அது எந்த உடம்பிலிருந்து வந்தது, யார் எதற்காக அதைப் பார்க்கப் போகிறார்கள் என்பதை விட்டுவிடுகிறோம்.

உடலியங்கியலை மனப்பாடப் பாடமாக்குவது

உடற்கூறியலும் உடலியங்கியலும் முதல் இரண்டு ஆண்டுகளில் வரும். பொறியியல் ஆர்வத்தில் சேர்ந்தவர்கள் அவற்றைத் தேர்வுக்கு முந்தைய வாரம் உருப்போட்டு, மறுவாரம் மறந்துவிடுகிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலை ஆய்வகத்தில்தான் தெரியும்.

தோலில் கிடைக்கும் ஈசிஜி சிக்னலின் அளவு சுமார் 1 மில்லிவோல்ட். சிறிய சிக்னல்தானே என்று முதல் கட்டத்திலேயே 1000 மடங்கு பெருக்கும்படி சுற்றை அமைக்கிறார்கள். காகிதத்தில் கணக்கு சரி. ஆனால் எலெக்ட்ரோடும் தோலும் சேரும் இடம் ஒரு சின்ன மின்வேதிக் கலம். இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கும் இடையே நிலையான மின்னழுத்த வேறுபாடு ஒன்று உருவாகும். ஈசிஜி கருவிகள் 300 மில்லிவோல்ட் வரை அதைத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்படுகின்றன. அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே, 1000 மடங்கில் 30 வோல்ட். ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் முட்டி அசையாமல் நின்றுவிடும். மாணவர் சிப் கெட்டுவிட்டது என்று மாற்றுவார், மறுபடியும் மாற்றுவார். முதல் கட்டத்தில் குறைவாகப் பெருக்கி, நிலையான பகுதியை நீக்கிவிட்டு, பிறகு மீதியைப் பெருக்க வேண்டும். இந்த ஒழுங்கு எலெக்ட்ரானிக்ஸ் புத்தகத்தில் மட்டும் தேடுபவருக்குப் புரியாது. தோலில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்கு உடனே புரியும்.

கணிதத்திலும் இதே கதைதான். ஒரு சிக்னலை அதிலுள்ள அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் மாற்றத்தைத் தேர்வோடு விட்டுவிட்டால் எம்ஆர்ஐ ஒரு மந்திரப் பெட்டியாகவே இருக்கும். அந்தக் கருவி அளப்பதே படத்தின் ஃபூரியர் மாற்றத்தைத்தான். பல திசைகளில் எடுத்த நிழல்களிலிருந்து உள்ளிருக்கும் உருவத்தை மீட்க முடியும் என்று கணிதவியலாளர் ஜோஹன் ரேடன் கணித வழியில் நிறுவியது 1917-இல். சிடி ஸ்கேனில் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டது 1971-இல். கணிதம் எதற்கு என்று கேட்கும் ஜூனியர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டு ஆண்டுகளைத்தான்.

99 சதவீதத்தை நம்பிவிடுவது

இப்போது இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றாலே மெஷின் லேர்னிங். இதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வருவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சீரற்ற இதயத் துடிப்பை வகைப்படுத்த, பெரும்பாலும் எம்ஐடி-பிஐஎச் என்ற ஈசிஜி பதிவுகளின் தரவுத் தொகுப்பை எடுப்பார்கள். அதில் ஒவ்வொன்றும் அரை மணி நேரம் ஓடும் 48 பதிவுகள் உள்ளன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள். துடிப்புகளையெல்லாம் குலுக்கி, 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் பிரிப்பார்கள். துல்லியம் 99 சதவீதம் என்று வரும். கைதட்டலும் கிடைக்கும்.

அந்த ஒரு லட்சம் துடிப்புகளும் வெறும் 47 பேருடையவை. குலுக்கிப் பிரித்ததால் ஒரே மனிதரின் துடிப்புகள் இரண்டு பக்கமும் போய்விட்டன. பயிற்சி பெற்ற நிரல் கற்றுக்கொண்டது நோயையா, அந்த 47 பேரின் அலை வடிவங்களையா என்று இனிப் பிரித்துச் சொல்லவே முடியாது. துடிப்புவாரியாகப் பிரிக்காமல் ஆள்வாரியாகப் பிரியுங்கள். எண் கீழே இறங்கும். இறங்கிய எண்தான் உங்கள் வேலையின் உண்மையான மதிப்பு. அறிக்கையில் அதையே எழுதுங்கள்.

துல்லியம் என்ற ஒற்றை எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. 10,000 பேரில் 100 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ளவரில் 90 சதவீதத்தையும், நோயில்லாதவரில் 90 சதவீதத்தையும் சரியாகச் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. நோயுள்ள 90 பேரைப் பிடிக்கும், நல்லது. ஆனால் நோயில்லாத 9,900 பேரில் 990 பேருக்கும் நோய் என்று சொல்லிவிடும். ஆக, நோய் என்று சொல்லப்பட்ட 1,080 பேரில் உண்மையில் நோயாளிகள் 90 பேர், அதாவது பன்னிரண்டு பேரில் ஒருவர். யாருக்கும் நோயில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நிரலுக்கோ 99 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும்! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் யாரும் ப்ராஜெக்ட் அறிக்கையைக் கொடுக்க வேண்டாம்.

யாரிடம் சோதித்தோம் என்பதும் இதோடு சேர்ந்தது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் சுமார் 660, 940 நானோமீட்டர் ஒளியை விரல் வழியாகச் செலுத்தி, இரண்டும் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்று ஒப்பிடுகிறது. அந்த விகிதத்தை ஆக்சிஜன் சதவீதமாக மாற்றும் அட்டவணை, தன்னார்வலர்களின் ரத்தத்தை அளந்து உருவாக்கப்பட்டது. 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், கருவி கவனிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைபாடு, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. தோலின் நிறமி ஒளியை உறிஞ்சும் என்பது பள்ளி இயற்பியல். அப்படியிருந்தும் இந்தக் கருவி பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்துவந்தது. உங்கள் சென்சாரை நான்கு நண்பர்களிடம் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு "வேலை செய்கிறது" என்று எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளுவது

முதலில் உங்கள் பாதுகாப்பு. லேபில் தன் மார்பிலேயே எலெக்ட்ரோடை ஒட்டிக்கொண்டு, மின் இணைப்பில் இருக்கும் பவர் சப்ளையோடு சுற்றை இணைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். உடம்பை மின் இணைப்பிலிருந்து தனிமைப்படுத்தும் சுற்று இல்லாதவரை பேட்டரியில் மட்டுமே ஓட்டுங்கள். யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைத்திருந்தால் அதன் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். அலையைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்பை மறந்துவிட வேண்டாம், அதுவும் சுவரோடு இணைந்த கருவிதான். நேரடியாக இதயத்தைத் தொடும் கருவிகளுக்கு, இயல்பு நிலையில் அனுமதிக்கப்படும் கசிவு மின்னோட்டம் 10 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. இந்தத் துறை எவ்வளவு சின்ன எண்களுக்குப் பயப்படுகிறது என்பதற்கு அதுவே சான்று.

அடுத்தது நோயாளியின் பாதுகாப்பு. ஐஎஸ்ஓ 14971, ஐஈசி 60601, ஐஈசி 62304 என்ற மருத்துவக் கருவித் தரநூல்களின் எண்களைக் கேட்டாலே மாணவர்களுக்குத் தூக்கம் வருகிறது. தேராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியின் வரலாற்றைப் படித்தபிறகு எனக்கு அப்படி இல்லை. 1985-க்கும் 1987-க்கும் இடையே அந்தக் கருவி ஆறு முறை நோயாளிகள்மேல் அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் இறந்தார்கள். முந்தைய மாடலில் தவறான அமைப்பில் கதிர் பாயாமல் தடுக்கத் தனி வன்பொருள் தடுப்புகள் இருந்தன. புதிய மாடலில் அவற்றை எடுத்துவிட்டு, மென்பொருளை நம்பினார்கள். மென்பொருளிலிருந்த பிழைகளில் ஒன்று பழைய மாடலிலும் இருந்ததுதான்; அங்கே வன்பொருள் காப்பாற்றிவந்ததால் யாருக்கும் அது தெரியவில்லை. முதல் ப்ராஜெக்டிலிருந்தே ஒரு தாளில் எழுதிப் பழகுங்கள்: இது எப்படியெல்லாம் பழுதாகலாம், பழுதானால் யாருக்கு என்ன ஆகும், அதை எது தடுக்கும். அந்தத் தரநூல்கள் கேட்பதன் பெரும்பகுதி இதுதான்.

எல்லாவற்றிலும் கொஞ்சம்

மின்னணுவியல், இயந்திரவியல், பொருளறிவியல், நிரலாக்கம், உயிரியல் என்று பாடத்திட்டம் பரந்து கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவு தொட்டுவிட்டு வெளியே வருபவருக்கு நேர்காணலில் மூன்றாவது கேள்வியிலேயே தரை தட்டிவிடும். மூன்றாம் ஆண்டுக்குள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எது என்பது உங்கள் விருப்பம். ஆழமாகப் போனால் எல்லாத் துறையிலும் உடம்பு பாடம் நடத்தும். உடலுக்குள் வைக்கும் உள்வைப்புப் பொருள்களை எடுத்தால், உறுதியானதே சிறந்தது என்ற எண்ணம் முதலில் உடையும். எலும்பின் விறைப்பு சுமார் 20 ஜிகாபாஸ்கல். டைட்டேனியம் உலோகக்கலவைக்கு ஏறத்தாழ 110. கோபால்ட்-குரோமியத்துக்கு 200-க்கும் மேல். விறைப்பான உலோகம் சுமையைத் தானே தாங்கிக்கொள்ளும். சுமை கிடைக்காத எலும்பு மெலிந்துபோகும்.

வார்டைப் பார்க்காமலே படித்து முடிப்பது

இன்டர்ன்ஷிப் என்றதும் கருவிகள் இருக்கும் அறைக்கே போகிறார்கள். செவிலியர்களோடு ஒரு ஷிஃப்ட் முழுக்க நிற்க அனுமதி கேளுங்கள். எந்த அலாரத்தை அவர்கள் ஒலியடக்குகிறார்கள், எந்தக் கேபிளில் டேப் ஒட்டியிருக்கிறது, கையுறையோடு எந்தப் பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கிறது, கிருமிநாசினியால் துடைத்துத் துடைத்து எந்த எழுத்து அழிந்துபோயிருக்கிறது என்று பாருங்கள். நோயாளியின் பெயரோ விவரமோ இல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் முடியும்போது, அவர்களுக்கு நேரமிருந்தால், ஒரு கேள்வி கேளுங்கள்: "நடுராத்திரியில் இந்தக் கருவி நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" உங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட் அந்தப் பதிலில் இருக்கலாம்.