பழைய பத்மினியின் பெட்ரோல் பாதையை வீட்டில் சீரமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆண்டுகள் ஷெட்டில் நின்றுவிட்ட பிரீமியர் பத்மினி காரை வீட்டிலேயே ஓடவைக்க முனைகிறவர்கள் பெரும்பாலும் முதலில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில்தான் கை வைக்கிறார்கள். பானட்டைத் திறந்ததும் கண்ணில் படுவதும், கழற்றுவதற்கு எளிதாக இருப்பதும் அதுதான். ஆனால் அழுக்கு பிறக்கும் இடம் டிக்கிப் பக்கத்தில் இருக்கும் டேங்க். நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து துடைத்துப் பூட்டிய கார்புரேட்டரை, டேங்கிலிருந்து வந்த துருத்தூள் அடைத்துக்கொண்டதால் அடுத்த வாரமே மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. பெட்ரோல் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியிலேயே வேலையும் போக வேண்டும். டேங்கில் தொடங்கி, குழாய், பம்ப், பில்டர் என்று வந்து, கார்புரேட்டரைக் கடைசியாகத் தொடுவதே சரியான வரிசை.

அதற்கும் முன்னால் நடக்கும் தவறு ஒன்று உண்டு. புது பேட்டரியை மாட்டி, "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவது. நெடுநாள் நின்ற பெட்ரோல் ஆவியாகக்கூடியதை இழந்து, வார்னிஷ் நாற்றத்துடன் பழுப்பு நிறப் பிசினாக மாறியிருக்கும். எஞ்சின் அதை உறிஞ்சினால் அந்தப் பிசின் வால்வுத் தண்டுகளில் படிகிறது. சூடு ஆறியதும் வால்வுகள் அப்படியே ஒட்டிக்கொள்ள, அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது வால்வை இயக்கும் தள்ளுகம்பியான புஷ்ராடு வளைந்துபோகலாம். சாவியைத் தொடும் முன் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்ப்பதும் நல்லது. பெட்ரோல் வாடை அடித்தால், பம்பின் டயாஃப்ரம் என்னும் ரப்பர் சவ்வு கிழிந்து, பெட்ரோல் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கியிருக்கலாம். அந்த ஆயிலை வைத்துக்கொண்டு எஞ்சினைச் சுழற்றக் கூடாது.

இந்த வேலையில் உயிருக்கே உலை வைக்கக்கூடிய தவறு, ஓட்டை விழுந்த டேங்கைக் "காலி டேங்க்தானே" என்று வெல்டிங் கடைக்குத் தூக்கிச் செல்வது. பெட்ரோல் நிறைந்த டேங்கை விடக் காலி டேங்கே ஆபத்தானது. திரவத்தை முழுவதும் வடித்த பிறகும் தகட்டின் மடிப்புகளிலும் துருவின் நுண்துளைகளிலும் தங்கியிருக்கும் பெட்ரோல், ஆவியாகிக் காற்றோடு கலந்து நிற்கும். காற்றில் வெறும் ஒன்றரை சதவீத ஆவி இருந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு முறை தண்ணீர் விட்டு அலசியதை நம்பித் தீப்பொறியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. பழைய டேங்குகளைப் பாதுகாப்பாகத் தயார்செய்து வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் மட்டுமே அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்; அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் வேறு டேங்க் தேடுவதே மேல். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது என்பதால் தரையோடு ஊர்ந்து போகும். எனவே டேங்கை வடிக்கும் வேலையை ஷெட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல் வெட்டவெளியில், பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு செய்ய வேண்டும்.

துருவை எடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது துருவோடு நல்ல தகட்டையும் தின்றுவிடும். லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் வரை எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து, ஒரு நாள் ஊறவைத்தால் போதும். கெட்டிப்பட்ட துருவைப் பெயர்க்க டேங்குக்குள் நட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். அதற்குப் பதில் ஒரு முழ நீளச் சங்கிலியை விட்டு ஆட்டினால், வேலை முடிந்ததும் ஒரே இழுப்பில் வெளியே வந்துவிடும், உள்ளே ஏதும் தங்கிவிட்டதா என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பிறகு ஆப்ப சோடா கரைத்த நீரால் அலசி, உடனடியாக உலர்த்த வேண்டும். இங்கே அவசரப்பட்டு, ஈரம் காய்வதற்குள், மறுபடி துரு பிடிக்காமலிருக்க ஊற்றும் உட்பூச்சு மருந்தை ஊற்றினால், அது சில மாதங்களில் தோல் தோலாக உரிந்து குழாயை அடைக்கும். அந்தப் பூச்சை மறுபடி எடுப்பது துருவை எடுப்பதை விடப் பெரும்பாடு. டேங்க் மூடியிலோ காற்றுக் குழாயிலோ உள்ள துவாரம் அடைபட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். அது அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, சில கிலோமீட்டர் ஓடியதும் வண்டி நின்றுவிடும். காரணம் புரியாமல் பம்பை மாற்றியவர்கள் பலர்.

ரப்பர் ஹோஸ் விஷயத்தில் பழைய பழக்கம் இனி உதவாது. பத்மினி வடிவமைக்கப்பட்ட காலத்தில் இந்தியப் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் வழக்கம் இல்லை. இந்தியாவில் 2022-இல் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு அறிமுகமாகிப் பின்னர் நாடெங்கும் பரவியது. எத்தனால் பழைய ரப்பரை ஊதிப் பிளக்கச் செய்கிறது. காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. ஆகவே கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கறுப்புக் குழாயையோ, மீன்தொட்டிக்கு வாங்கும் கண்ணாடிபோன்ற குழாயையோ மாட்டாமல், எத்தனாலுக்குத் தாங்கும் ஃப்ளோரோ ரப்பர் உட்பூச்சு கொண்ட, "எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9" என்று அச்சிட்ட ஹோஸைக் கேட்டு வாங்க வேண்டும். பம்பின் டயாஃப்ரமுக்கும் இது பொருந்தும். பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த "பழைய ஒரிஜினல்" கிட்டை விட, புது ரப்பரில் செய்தது நம்பகமானது. இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் தவறு. அதன் நூலிழை ஒன்று பிரிந்து, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைத்துத் திறக்கும் நீடில் வால்வில் சிக்கினால் கார்புரேட்டர் நிரம்பி வழியும்.

பம்ப் சரியில்லை என்றதும் இக்காலக் கார்களின் எலெக்ட்ரிக் பம்பைப் பொருத்தச் சொல்வார்கள். இந்த 1089 சி.சி. எஞ்சினின் மெக்கானிக்கல் பம்ப் தருவது சில பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம்தான், இன்ஜெக்‌ஷன் கார்களின் பம்போ 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளும். அதை நீடில் வால்வால் அடக்க முடியாது. சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கொட்டும்.

கடைசியில் கார்புரேட்டர். சோலெக்ஸ் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகான ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண், துவாரத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது. 115 என்றால் 1.15 மில்லிமீட்டர். இவ்வளவு நுணுக்கமான பித்தளைத் துவாரத்தைக் கம்பியாலோ ஊசியாலோ குத்தினால் அந்த எண்ணுக்கே பொருள் இல்லாமல் போகிறது. கிளீனர் திரவமும் காற்றழுத்தமும் மட்டும் போதும். உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் பித்தளை மிதவையை (ஃப்ளோட்) காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளக் என்று மெல்லிய ஒலி கேட்டால் அது ஓட்டை. எங்கே என்று அறிய, வெளிப்புறம் ஒட்டியிருக்கும் பெட்ரோல் காய்ந்த பின், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த வெந்நீரில் திறந்தவெளியில் அமிழ்த்தினால், ஈயம் வைத்த மடிப்பிலிருந்து கடுகு போன்ற குமிழிகள் வரிசையாக எழும். உள்ளே பெட்ரோலை வைத்துக்கொண்டு அதன்மேல் சால்டரிங் இரும்பை வைத்தால் டேங்குக்குச் சொன்ன ஆபத்துதான் இங்கும். மேல் மூடியின் திருகுகளை வலுவாக முறுக்குவதும் வேண்டாம். உலோகம் வளைந்துவிட்டால் எந்த கேஸ்கெட்டும் அதை மறைக்காது.

முதல் ஸ்டார்ட்டின்போது கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிவிட்டு ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் சாவியைத் திருப்பும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஒரு பின்வெடிப்பு போதும், முகம் வெந்துவிடும். பம்பின் கைநெம்புகோலை அழுத்தி மிதவைக் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு, பவுடர் தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அரை மணி நேரம் ஓடிய பிறகு எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். புது ஹோஸ் சூட்டில் சற்றே அமுங்கும் என்பதால், முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் கிளிப்புகளை ஒருமுறை இறுக்கி, பில்டரையும் மாற்றிவிட வேண்டும். டேங்கில் எஞ்சியிருந்த தூள் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருக்கும்.