மூச்சுப் பயிற்சி: அறுபதைக் கடந்த பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்து முளகுமூட்டில் பல ஆண்டுகள் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை செய்து ஓய்ந்த என் பெரியம்மா, நெஞ்சுப் படபடப்பு அடங்கட்டும் என்று காலையில் திண்ணையில் அமர்ந்து, தோள்கள் காதைத் தொடும்படி மூச்சை இழுத்து, முகம் சிவக்கத் தம் பிடித்து, பிறகு ஒரேயடியாக விட்டுவிடுவார். படபடப்பைத் தணிக்க இதைவிடப் பொருந்தாத முறை இருக்க முடியாது.

மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது. விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதற்குக் கடிவாளம் இடுவதால் மெதுவாகிறது. வயது ஏற ஏற இந்த ஏற்ற இறக்கம் சுருங்கிவிடுவதால், முதியவர்கள் கவனம் வைக்க வேண்டியது விடும் மூச்சில்தான். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வொன்றில், லத்தீனில் ஜெபமாலை சொன்னபோதும் யோக மந்திரம் ஓதியபோதும் மூச்சு ஏறத்தாழ அதே அளவுக்கு இறங்கியது. ஜெபமாலையும் மந்திரமும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் நம் மாவட்டத்தில் இது பலருக்கும் கைவந்த வேகம்தான். மூச்சு முட்டினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்; பிடிவாதம் வேண்டாம்.

தம் பிடித்து முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, விட்டவுடன் இரத்த அழுத்தம் எகிறக்கூடும். ஆகவே இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் தம் பிடிப்பதையும், கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகப் பயிற்சிகளையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. வேகவேகமாக ஆழ்ந்து மூச்சுவிடுவதால் உதட்டைச் சுற்றி மரத்து, விரல் நுனி கூசி, தலை சுற்றினால், உடம்பில் சக்தி ஏறுவதாக எண்ணித் தொடர வேண்டாம். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்ததன் அடையாளம் அது.

நாடியைக் கட்டைவிரலால் பார்ப்பதும் தவறு, ஏனெனில் அந்த விரலின் துடிப்பே எண்ணிக்கையில் கலந்துவிடும். இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு நாடி இயல்பாகவே குறைந்திருக்கும். அது பயிற்சியின் பலன் என்று நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

எனக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலி பெரிதாகத் தெரியாமல், மூச்சுத்திணறல், வழக்கமில்லாத அசதி, குமட்டல், முதுகிலோ தாடையிலோ வலி என்றும் வரலாம். அதை வாயு என்று சொல்லி மூச்சுப் பயிற்சிக்கு உட்காராமல், உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.