கிழட்டு கேலக்ஸியில் புது நட்சத்திரம் பிறக்கிறதா? வீட்டிலிருந்தே பார்க்கும் வழி

பினாங்கு வானத்தை நம்பித் தொலைநோக்கி வாங்கிவிடாதீர்கள். பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலை விளக்கு, மிச்ச நேரம் மேகம். நைட் ஷிஃப்ட் முடிந்து பசியாறிவிட்டு, நான் கேலக்ஸி பார்ப்பது லேப்டாப்பில்தான். சிப் சோதிக்கிற வேலை எனக்கு. ஒரே ஓர் அளவை வைத்து 'பாஸ்' போட மாட்டோம். இங்கேயும் அதே கண்டிப்பு வேண்டும்.

நமக்கு வேண்டியவை நீள்வட்ட, லென்ஸ் வடிவ கேலக்ஸிகள். வாயு தீர்ந்துபோனவை, இனி அங்கே எதுவும் பிறக்காது என்று ரொம்ப காலம் நம்பினார்கள்.

பிரௌசரில் அலாடின் லைட் என்ற வான வரைபடத்தைத் திறந்து, 'என்ஜிசி 4526' என்ற லென்ஸ் வடிவ கேலக்ஸியைத் தேடுங்கள். சாதாரண ஒளியில் நடுவே தூசித் தட்டு தெரியும். பிறகு எம்60 என்ற நீள்வட்ட கேலக்ஸி. இரண்டும் கன்னிக் கொத்து என்ற கேலக்ஸிக் கூட்டத்தில் இருப்பவை. இரண்டையும் காலெக்ஸ் படத்துக்கு மாற்றிப் பாருங்கள். 2003இல் ஏவிய புற ஊதாச் செயற்கைக்கோள் அது.

அடுத்தது கணக்கு. அண்மைப் புற ஊதா ஒளியளவிலிருந்து (இந்த எண் குறைந்தால் பிரகாசம் அதிகம்) சிவப்புப் பட்டை (ஆர்) ஒளியளவைக் கழியுங்கள். 17.5இல் 12.5 போனால் 5.0. விடை 5.4க்குக் கீழே இருந்தால், கடந்த சுமார் 100 கோடி ஆண்டுகளுக்குள் நட்சத்திரங்கள் பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். மொத்த நிறையில் 1 சதவீதம் இளசு இருந்தாலே இந்த எண் இறங்கிவிடும். கழிப்பதற்கு முன் நம் பால்வழித் தூசிக்கான திருத்தம் போடுங்கள். நெட் (NED) என்ற கேலக்ஸித் தரவுத்தளத்தில் கிடைக்கும். இரண்டு அளவும் ஒரே வட்டத்துக்குள் எடுத்ததா என்றும் பாருங்கள். வானத்தைப் படமெடுத்த ஸ்லோன் ஆய்வின் தானியங்கிப் பட்டியல் பெரிய கேலக்ஸிகளைத் துண்டு துண்டாக எண்ணிவிடும். அதை அப்படியே எடுத்துப் போட்டால் விடை குப்பைதான்.

எம்60இல் ஏமாறாதீர்கள். தொலைப் புற ஊதாவில் (அலைநீளம் இன்னும் குறைந்த பட்டை) அது நன்றாகவே ஒளிரும், ஆனால் காரணம் ஹீலியம் எரிக்கும் கிழட்டுச் சூடான நட்சத்திரங்கள். அந்தப் பட்டையை மட்டும் பார்த்து 'இளசு' என்று எழுதக் கூடாது.

ஆகவே வாயுவைத் தேடுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான சோதனை. குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு தானாக ஒளிராது. கூடவே இருக்கும் கார்பன் மோனாக்சைடு 115 கிகாஹெர்ட்ஸில் காட்டிக்கொடுக்கும். இந்த வகை கேலக்ஸிகளை ஆராய்ந்த அட்லஸ்3டி குழு ஸ்பெயினிலுள்ள 30 மீட்டர் ஐராம் ரேடியோத் தொலைநோக்கியைக் கொண்டு 259 கேலக்ஸிகளில் தேடி, 56இல் கண்டுபிடித்தது. என்ஜிசி 4526 அதில் உண்டு, சுமார் 40 கோடி சூரிய நிறைக்கு. எம்60 இல்லை. 21 செ.மீ. ரேடியோ அலையில் அணு ஹைட்ரஜனையும் பார்க்கலாம். ஆனால் கன்னிக் கொத்துக்குள் அது பெரும்பாலும் உரிந்து போயிருக்கும். அது இல்லை என்பதால் மூலக்கூறு வாயுவும் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

வாயு எங்கிருந்து வந்தது? சுழற்சியைப் பாருங்கள். நட்சத்திரங்களோடு ஒரே திசையில் சுற்றினால், சொந்த நட்சத்திரங்கள் உதிர்த்ததாகவே இருக்கலாம். திசை மாறினால் வெளியிலிருந்து வந்தது. பழகிப் பார்க்க என்ஜிசி 3032 நல்லது: அங்கே மூலக்கூறு வாயு, பெரும்பாலான நட்சத்திரங்களுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது.